மூன்று வருஷப் பாதுகாப்பு

பூரோஸ், ஸ்வீடன்

என் அன்பான லெம்லெம் அக்காவுக்கு,

தங்கை நிக்ஸ்தி எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரர் தெவோல்தேயும் கைக்குழந்தை ஃபிலிமோனும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ போனை எடுத்ததுமே என் மகள் வின்தா வந்து உன் தோளில் தொங்குகிறாள். அவள் காதில் விழக்கூடாத சேதி இது. அதனால்தான் அடிஸ் அபாபாவுக்கு வருகிற நம் சர்ச்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா, நான் மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். ஃபிலிமோன் இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். பிரசவத்துக்குப் பிறகு மருத்துவச்சி கூனில்லா என்னைப் பரிசோதனைக்கு அழைத்திருந்தார். மொழிபெயர்க்க நம் ஊர்க்காரர் ஒருவரைப் போனில் பிடித்துத் தந்தார். ஆண்குரல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அந்த ஆளே என் பக்கத்தில் நின்றால் என் மானம் என்னாவது? எனக்கு ஸ்வீடிஷ் வரும், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வந்த லட்சணம் தெரிந்ததுதானே.

பாதுகாப்பு இருக்கிறதா என்று கூனில்லா கேட்டார். இந்த ஊரில் அந்தச் சொல்லை நான் கேட்டதெல்லாம் அகதி அலுவலகத்தில்தான். எங்களுக்கு மூன்று வருஷ அடைக்கலம் கொடுத்ததற்கும் அதே சொல்தான். நானும் பெருமையாக, "இருக்கு, மூணு வருஷத்துக்கு" என்றேன். கையில் வைக்கிற மூன்று வருஷக் கர்ப்பத்தடைக் குச்சியைச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். ரொம்ப நல்லது என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். பால் கொடுக்கிறவரை ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பியிருந்தேன்.

தெவோல்தே ஃபிலிமோனைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அந்தக் காகிதம் நம்மள நாட்ட விட்டுத் துரத்தாமப் பாத்துக்கும்டி. வயித்தையுமா பாத்துக்கும்?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏன் என்று உனக்குத் தெரியும். வின்தாவை அழைத்துக்கொள்ள நிரந்தர வேலை வேண்டும், வீட்டில் போதுமான இடம் வேண்டும். முதியோர் இல்லத்தில் என் வேலையை இலையுதிர் காலத்தில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். இனி அது எப்படி நடக்கும்? வீட்டில் தலை ஒன்று கூடினால் சம்பளமும் கூடக் காட்ட வேண்டுமாம், அறையும் ஒன்று கூட வேண்டுமாம். ஒரு பிள்ளை வருகிறது என்றால் இன்னொரு பிள்ளையின் வரவு தள்ளிப்போகிறது. கடல் கடக்கும் வழிக்குப் பயந்து அவளை உன்னிடம் விட்டு வந்தேன். இப்போது வழியில் ஒரு பயமும் இல்லை, விமானத்திலேயே வரலாம். அப்படியும் அவளை என்னால் கூட்டிவர முடியவில்லை.

இந்தக் கரு வேண்டாம் என்றால் சொல், இங்கே அதற்கு யாரும் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்று கூனில்லா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நாளும் குறித்துக் கொடுத்தார். அந்த நாளில் கோட்டு மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். அங்கேயே நின்றேன். பேருந்து போய்விட்டது. அடுத்ததும் போனது. எனக்கு வின்தாதான் வேண்டும் அக்கா, அவளை மோந்து பார்க்காமல் என் உடம்பு உடம்பாகவே இல்லை. ஆனாலும் கால் நகரவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வின்தா வாய் தவறி உன்னை அம்மா என்று கூப்பிடும்போதெல்லாம், பெரியம்மா என்று திருத்து என்று உன்னிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

இனித் திருத்த வேண்டாம்.

மரியாள் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் தங்கை,
நிக்ஸ்தி