வாய்க்கால் மூலையில் சிவப்புக் கொடி

அன்புள்ள மகனுக்கு,

கண்டங்கள் நகம் வளரும் வேகத்தில் நகர்வதாக எழுதியிருந்தாய். இந்தியா மற்ற நிலத்தை விட்டுப் பிரிந்தபோது விழுந்த பிளவு நம் வயலுக்கு அடியில் இருக்கிறது, அதில் எண்ணெய் இருக்கலாம் என்றும் எழுதியிருந்தாய். இருக்கட்டும். பண்ணையார் வரப்பை ஒரு சாண் நகர்த்த நாங்கள் எத்தனை வருடம் அடி வாங்கினோம் என்று உனக்குத் தெரியும்.

நேற்று உன் கம்பெனி ஆட்கள் வந்து நம் வயலின் வாய்க்கால் மூலையில் சிவப்புக் கொடி நட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் போராட்டமா மாமா?" என்று வைரக்கண்ணு ஓடி வந்தான். பண்ணையாரை எதிர்த்து அங்கே முதல் சிவப்புக் கொடி நட்டவள் உன் அம்மா அல்லவா? ஆனால் இந்தக் கொடி வெடி வைக்கும் குழிக்கு அடையாளமாம். அந்த அதிர்வை வைத்து அடியில் இருக்கும் பாறையைக் கண்டுபிடிப்பார்களாம்.

"வேற எடத்துல வைங்க" என்றேன்.

"உங்க மகன் வரைபடத்துல போட்டுக் குடுத்த கோடுங்க, தள்ள முடியாது" என்றார்கள்.

காரணத்தைச் சொன்னால் உன்னைத்தான் ஏசுவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

உன் அம்மா போனபோது நீ அஸ்ஸாமில் இருந்தாய். வந்த பிறகும் எங்கே வைத்தோம் என்று கேட்கவில்லை. "சுடுகாடு வேணாம், பட்டா வாங்குன மண்ணுலயே வைங்க. மேடு கட்டாதீங்க, நடவுக்கு எடம் கொறையும்" என்றிருந்தாள். அந்த வாய்க்கால் மூலைதான்.

நாளைக்கு வெடி வைக்கிறார்கள். அடியிலிருந்து வரும் அதிர்வைப் பதிந்து உனக்குத்தான் அனுப்புவார்களாம். பாதாளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மேலே ஆறடியைப் பார். அங்கேதான் உன் அம்மா இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா