ஆறு மாதச் சோறு

மார்ச் 12, 2025. அல்புஃபைரா

இன்றும் பஞ்சாபிக்காரர் கடையில்தான் மதியச் சாப்பாடு. சோறு, பருப்பு, ஒரு காய், ஒரு அப்பளம். கடற்கரையோரக் கடைகளில் ஒரு மீன் துண்டுக்குக் கேட்கிற காசில் இங்கே வயிறு நிறைந்துவிடும். அதனால் என்னைப் போல வாடகை வீடுகளில் குழாய் வேலை பார்க்கிறவன், ஏசி வேலை பார்க்கிறவன் எல்லோரும் ஒரு மணிக்கு இங்கே ஆஜர்.

பக்கத்து மேசையில் இங்கிலாந்துக் கிழவர் ஒருவரும் அவர் மனைவியும். பென்ஷன் வாங்கிக்கொண்டு வெயிலுக்காக போர்ச்சுகலில் வந்து குடியேறியவர்கள். கோழிக் குழம்பை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, சோற்றைத் தொடாமல் எழுந்து போனார்கள். அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. பினிதா வந்து அதை எடுத்துக்கொண்டே, "உன்னுது ஆறிப்போகுது" என்று இந்தியில் அதட்டினாள்.

பினிதா என் மனைவி. எழுதிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன், யாரோ படித்துவிடப் போகிற மாதிரி. நேபாளத்துப் பெண். இந்தக் கடையில் பரிமாறுகிறாள். போன அக்டோபரில் இந்த ஊர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம்.

திருத்தணியில் அம்மாவுக்கு இது தெரியாது. அவள் போன ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல் நின்று வேண்டிக்கொண்டாள்: எம் புள்ளைக்குக் கல்யாணம் கூடி வர்ற வரைக்கும் சோறு தொட மாட்டேன். அன்றிலிருந்து கேழ்வரகுக் களி, கூழ், கோதுமை உப்புமா. கல்யாணம் கூடி வந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. அவள் இன்னும் களி தின்றுகொண்டிருக்கிறாள். நான் இங்கே இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்குகிறேன்.

மார்ச் 14

கடையில் உட்கார்ந்திருக்கும்போதே அம்மா வீடியோவில் வந்துவிட்டாள். தட்டைச் சட்டென்று நகர்த்தினேன். எதற்கு நகர்த்தினேன்? நான் சோறு தின்னக்கூடாது என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லையே.

"இன்னா நைனா, துன்னியா?"

"ஆங், ஆச்சும்மா. நீ?"

"எனுக்கு இன்னா, காலைல களி துன்னதே கல்லு மாதிரி நிக்கிது. மத்தியானம் பசங்களுக்குப் போட்டு அனுப்பினதோட சரி."

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள் அம்மா. தினமும் ஒரு அண்டா சோறு வடித்து, பிள்ளைகளுக்கு அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கூழ் கரைத்துக் குடிக்கிறாள். உப்புப் பார்க்கக்கூட ஒரு பருக்கை வாயில் போடுவதில்லையாம். கூட வேலை செய்கிற ஆயா பார்த்துச் சொல்கிறாளாம்.

"பாவா பொதட்டூர்பேட்டைல ஒரு பொண்ணு பாத்து வெச்சிகிறாரு. போட்டோ அனுப்பறேன், பாரு" என்றாள். பாவா, பிரபாவதி அக்கா வீட்டுக்காரர். பினிதா தண்ணீர் ஜாடியோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்ல சிக்னல். அம்மாவின் கழுத்தெலும்பு வரை தெரிந்தது.

மார்ச் 23

ஏன் சொல்லவில்லை? உட்கார்ந்து யோசித்தேன், நேர்மையாக எழுதிப் பார்க்கலாம் என்று.

முதலில் பயம்தான். ஊர் வேறு, பாஷை வேறு, யார் எவள் என்று தெரியாத பெண். தீபாவளி முடியட்டும், நல்ல நாளில் அழவைக்க வேண்டாம் என்று இருந்தேன். அப்புறம் பொங்கல் முடியட்டும் என்று. பொங்கலும் முடிந்தபோது வேறொன்று புரிந்தது. இன்னைக்குச் சொன்னா, நேத்து வரைக்கும் ஏன் சொல்லலன்னு கேப்பா. நாளைக்குச் சொன்னா அதுல ஒரு நாள் கூட. தள்ளத் தள்ள அவள் பட்டினி கிடந்த நாள் ஏறிக்கொண்டே போகிறது, அத்தனையும் என் தலைமேல். கல்யாணம் பண்ணது தப்பே இல்ல. வாய மூடிக்கினு இருந்தது— அதுக்கு என்ன பேர் வைக்கிறது?

பினிதாவுக்கும் பாதிதான் தெரியும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்பது தெரியும். சோற்று விஷயம் தெரியாது.

மார்ச் 30

ஞாயிறு. கடையில் பிரியாணி. தின்றேன்.

ஏப்ரல் 9

பிரபாவதி அக்கா போன் செய்தாள். அம்மா சத்துணவுக் கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாளாம். நல்லவேளை, அண்டாவை இறக்கி வைத்த பிறகு. குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "ரத்தமே இல்லையாம். டாக்டரு ஒழுங்கா சோறு துன்னுன்னு சொன்னா, எம் புள்ளைக்கு ஒண்ணு கூடி வரட்டும் டாக்டரே, அப்பறம் பாருங்க நான் துன்றதன்னு சொல்லிச் சிரிக்கிதுடா இது!" என்று அக்கா அழுதாள்.

அக்கா அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அழ உரிமை இருக்கிறதா என்ன?

ஏப்ரல் 10

பினிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில், கூட்டம் ஓய்ந்த நேரம். பரிமாற எடுத்த கரண்டி கையிலேயே இருந்தது அவளுக்கு.

"தினமும் நான்தானே போட்டேன். போதும் போதும்னு சொல்லுவ, நான் இன்னும் ஒரு கரண்டி வெப்பேன். அப்பல்லாம் உனக்கு இது ஞாபகம் இருந்ததா?"

"இருந்துச்சு."

"என் கையால இதைச் செய்ய வெச்சிட்டியே" என்றாள். தட்டை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து முதலாளி பஞ்சாபிக்காரர் வந்து, சண்டையா என்று கண்ணாலேயே கேட்டார். டிக்கெட் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 16. திருத்தணி

வந்து சேர்ந்தேன். சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, ஸ்டேஷனில் இறங்கினால் பாவா ஆட்டோவோடு நிற்கிறார். அவர் ஆட்டோ ஓட்டுவது அங்கேதான். "இன்னா மச்சான், சொல்லாம கொள்ளாம?" என்றார். அம்மாவைப் பார்க்க வந்தேன் என்றேன். அது பொய்யில்லை.

அம்மாவின் ரவிக்கை தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து உலை வைத்துவிட்டாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த வற்றல். எனக்குப் போட்டுவிட்டு எதிரில் ஒரு சொம்புக் கூழோடு உட்கார்ந்தாள். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். பசி. அம்மா வைத்த குழம்பு. இறங்கியது.

ஏப்ரல் 18

அக்காவிடம் சொல்லிவிட்டேன். முதலில் கையில் இருந்த முறத்தால் முதுகில் இரண்டு போட்டாள். பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். அவள் மூளை எப்போதுமே என் மூளையைவிட வேகம்.

"இத பாரு. நடந்தத பத்தி வாயத் தொறக்காத. ஒரு பொண்ணு புடிச்சிருக்குன்னு இப்பதான் சொல்ற மாதிரி சொல்லு. அந்தப் பொண்ண வரவழை. மலைல வெச்சி ஒரு தாலி கட்டிடு. அம்மாவும் சோறு துன்னும், ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது."

"முருகனுக்குத் தெரியுமேக்கா."

"அவரே ரெண்டு கல்யாணம் பண்ணவரு. நீ ஒருத்தியவே ரெண்டு தபா கட்டினா கோச்சிக்கவா போறாரு? போடா."

சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் மனசு அப்படியே லேசாகிவிட்டது. எவ்வளவு சுலபம்! அம்மா என்னைத் திட்டக்கூட வேண்டியதில்லை.

ஏப்ரல் 19

பினிதாவிடம் அக்காவின் யோசனையைப் போனில் சொன்னேன். பின்னால் கடையில் பாத்திரம் கழுவுகிற ஓசை மட்டும் கேட்டது.

"வர்றேன். தாலியும் கட்டிக்கறேன். ஆனா உங்கம்மா முகத்தைப் பாத்து புதுப் பொண்ணு மாதிரி என்னால நடிக்க முடியாது. அவங்க பட்டினி கிடந்த ஆறு மாசமும் நான் உன் பொண்டாட்டி. அது நடக்கவே இல்லைன்னா, அவங்க யாருக்காகப் பட்டினி கிடந்தாங்க?"

போனை அவளே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 21

சொல்லிவிட்டேன்.

காலையில் அம்மா அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருந்தாள். என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன், எதுவும் வரவில்லை. "அம்மா, அத இறக்கி வெய். நீ சோறு துன்னும்மா. உன் வேண்டுதல் எப்பவோ முடிஞ்சிப் போச்சி" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். யார் என்று கேட்பாள், என்ன ஊர், என்ன ஆளுங்க என்று கேட்பாள் என்று இருந்தேன். அவள் கேட்டது அது இல்லை.

"எப்ப?"

"ஐப்பசிலம்மா."

"தீபாவளிக்கு முன்னியா, பின்னியா?"

"முன்னி."

துடுப்பைச் சட்டியில் அப்படியே விட்டாள். "அப்ப பொங்கலுக்கு? பானைய இறக்கி, சூரியனுக்குப் படைச்சி, உங்க அக்கா புள்ளைங்களுக்கு ஊட்டிட்டு, நானு தனியா உக்காந்து உப்மா துன்னனே. போன்ல பாத்துகினு இருந்தியே. அப்பவும் ஆயிடுச்சா?"

"ஆங்."

"மயங்கி உழுந்தனே, அன்னிக்கும்?"

"ஆங்ம்மா."

களி அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வந்தது. இரண்டு பேருமே அடுப்பை அணைக்கவில்லை. எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கிறேன் அவளிடம், விளக்குமாற்றால் அடிகூட வாங்கியிருக்கிறேன். இப்ப ஒரு வார்த்த திட்டக்கூடாதா? திட்டேன்மா. அடிம்மா. சட்டிய எடுத்துகினு பின்னாடி போயிட்டா.

ஏப்ரல் 22

பேசவில்லை.

ஏப்ரல் 24

பேசவில்லை. இன்னும் களிதான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அம்மா அக்காவைப் பார்த்து, "மலைக்குப் போயி சொல்லிட்டு வராம நம்ம பாட்டுக்கு வாய நனைக்க முடியுமா? கிருத்திகைக்குப் போறேன்னு அவங்கிட்ட சொல்லு" என்றாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

அவள் முருகனை ஏமாற்ற மாட்டாள். நானும் அக்காவும் அவளையும் அவரையும் சேர்த்து ஏமாற்ற அன்றைக்கு அரை மணி நேரத்தில் திட்டம் போட்டோம்.

ஏப்ரல் 29. கிருத்திகை

பாவா ஆட்டோவில் மலைமேல் கொண்டுபோய் விட்டார். கூட்டம். காவடிகள், மொட்டைத் தலைகள், ஆந்திராவிலிருந்து வந்த பஸ்கள். அக்காவுக்கு முட்டி வலி, வெளியே உட்கார்ந்துகொண்டாள். ஆகையால் வரிசையில் அம்மாவும் நானும் மட்டும். அவள் முன்னால், நான் பின்னால். தடுமாறினால் பிடித்துக்கொள்ளலாம் என்று கையைத் தயாராக வைத்திருந்தேன். தடுமாறவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

சந்நிதி நெருங்கும்போது திரும்பாமலே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா?"

அன்று அடுப்படியில் பேசியதற்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. பினிதா என்றேன். இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "நட்சத்திரம்?" தெரியாது என்றேன். "அது வேற தெரியாதா" என்று முணுமுணுத்தாள்.

குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். அக்கா பெயர், பாவா பெயர், பிள்ளைகள் பெயர் சொன்னாள். கடைசியாக, "பினிதா. நட்சத்திரம் தெரியாது சாமி, முருகரு நட்சத்திரத்துலயே பண்ணுங்க" என்றாள். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டு அர்ச்சனையில் முதலில் வருகிற பெயர் என்னுடையது. கையைக் கூப்பிக்கொண்டு, குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற வரை காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

வெளியே வந்து பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கிக் கொடுத்தேன். மண்டபத்து நிழலில் உட்கார்ந்து, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு வாய் வைத்தாள். ரொம்ப நேரம் மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் என்று துடைத்துக்கொண்டாள். ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"உன் கல்யாணம் ஆன அன்னியோட என் வேண்டுதல் முடிஞ்சிது. அதுக்கப்பறம் இருந்தது சும்மா இருந்தது. சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்க முடியுமா? அந்த ஆறு மாசத்த அந்தப் பொண்ணு பேர்ல வெச்சிக்கப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன். எங்கியோ பொறந்து, எங்கியோ போயி சோறு போட்டுகினு கீதுன்னு உங்க அக்கா சொன்னா. நல்லா இருக்கட்டும்."

"எனுக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன். முப்பத்து நாலு வயதில், சின்னப் பையன் மாதிரி.

"உனுக்கு இன்னா? உனுக்குதான் கல்யாணம் ஆயிடுச்சே" என்று சொல்லிவிட்டு எழுந்து, பாவா ஆட்டோவை நிறுத்தியிருந்த பக்கம் நடந்தாள்.