ஒரே முறத்தில் கொட்டிய இரண்டு மொச்சை

புதூர்நாடு
மார்கழி 9

என் மகள் பூங்கோதைக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடும் நாயும் சுகம், நீ பஞ்சாப் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இது நானே எழுதுவது, எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கல்பனா டீச்சர் கை வைக்கவில்லை, மூன்று நாளாக எழுதுகிறேன், ஒவ்வொரு வரி முடியும்போதும் எனக்குள் சிரிப்பு வருகிறது, கூடவே பயமும் வருகிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை அம்மா, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஆடியில் இரண்டு பொட்டலம் மொச்சை அனுப்பினாய், இலையைக் கசக்கினால் கார நெடி வரும் ரகம் ஒன்று, நெடி இல்லாத ரகம் ஒன்று, தனித்தனி வரிசையில் போட்டு, எறும்பு எந்த ரகத்தில் ஏறுகிறது என்று நோட்டில் குறிக்கச் சொன்னாய். காளியம்மன் முன்னால் வீட்டுக்கு ஒரு முறம் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் நம் ஊரில் விதை மண்ணில் விழாது அல்லவா, நான் இரண்டு முறம் கொண்டுபோனேன். ஊர்க்கவுண்டர் சிங்காரம் எல்லார் முன்னாலும், இன்னா சின்னக்குழந்தே, ஒரு வூட்டுக்கு ரெண்டு மொறமா, இந்த வயசுல பொண்டாட்டிகிட்ட பாகம் பிரிச்சிக்கினியா என்று கேட்டார். ஊரே சிரித்தது, வெட்கத்தில் இரண்டையும் ஒரே முறத்தில் கொட்டிவிட்டேன். கலந்ததைத்தான் விதைத்தேன். நோட்டில் மட்டும் முதல் வரிசை கார ரகம், இரண்டாம் வரிசை மற்றது என்று நீ சொன்னபடியே எழுதிவந்தேன். எழுதக் கற்றுக்கொண்டு நான் எழுதிய முதல் நோட்டே பொய் நோட்டு.

கார்த்திகையில் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தது, பின்னாலேயே எறும்பு வந்தது. செடியின் சாறு எப்படியோ அப்படித்தான் அசுவினி விடும் இனிப்புத் தண்ணீரும் இருக்கும், சாற்றில் இல்லாத சத்தை அதன் உடம்பில் குடியிருக்கும் கிருமி சமைத்துக் கொடுக்கும், இனிப்பில் வளரும் வேறு கிருமியின் வாசனையும் எறும்பைக் கூப்பிடும் என்று நீ சொன்னாயே, அதைக் கண்ணால் பார்த்தேன். எறும்பு ஒரு செடியில் மொய்க்கிறது, அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டுகிறது, அதே வரிசையில் பக்கத்துச் செடியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நோட்டு பொய் என்று செடிகளே சொல்கின்றன. உன் பெரிய வாத்தியார் நோட்டைக் கேட்கிறார் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் ஐந்து வருடப் படிப்பு என்னால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

எறும்பை வைத்தே ரகம் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். எறும்பு எங்க போவுதுன்னு தானே அவ கேக்குறா, அதையே வெச்சி பிரிச்சா அவளுக்கு இன்னா தெரியும் என்று உன் அம்மா கேட்டாள். பிறகு அவளே நாற்பத்தொரு செடிக்கும் நம்பர் கட்டி, இலை பறித்து வந்தாள், எது எந்தச் செடி என்று சொல்லவில்லை, நான் வீட்டுக்குள் உட்கார்ந்து கசக்கி மோந்தேன். நெடி உள்ளது இருபத்திரண்டு, இல்லாதது பதினைந்து, நான்கு தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறேன்.

காளியம்மன் உனக்குத் துணை நிற்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. நோட்டை இதோடு அனுப்புகிறேன், முதல் பன்னிரண்டு பக்கத்தை நம்பாதே, கிழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். வாத்தியாரிடம் மறைக்காதே. என்னைத் திட்டுவதென்றால் போனில் வேண்டாம், எழுது, யாரிடமும் கொடுக்காமல் நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னக்குழந்தை