'கரண்ட் பில்' ஃபோல்டர்

அக்கா,

மார்ச் 12, செவ்வாய், பிற்பகல் 2.40. உன் போட்டோக்கள் மொத்தம் 8,316. உன் போனை உன் வீட்டுக்காரர் எடுத்துப் பார்ப்பார் என்பதால் ஆபீஸ் மெயிலுக்கு எழுதுகிறேன். படித்ததும் அழித்துவிடு.

"பெரிய கம்ப்யூட்டர் படிப்பு படிச்சியே, வீட்டு போட்டோவையாவது ஒழுங்கா அடுக்கிக் குடுடா" என்று நீதான் கேட்டாய். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், ஆளுக்கு ஒரு குறிச்சொல் என்று மளமளவென்று முடித்துக்கொண்டே வந்து, 'கரண்ட் பில்' என்ற ஃபோல்டரைத் திறந்தேன். அதில் பில் ஒன்றுகூட இல்லை. பதினான்கு படங்கள், எல்லாவற்றிலும் கன்றிப்போன உன் இடது கை. கேட்டால் "கதவுல இடிச்சுக்கிட்டேன்டா" என்பாய். கதவுக்கு ஐந்து விரல் கிடையாது அக்கா.

இனி என் முட்டாள்தனம். கைப்பழக்கத்தில் அவற்றுக்கும் 'காயம்' என்று குறிச்சொல் போட்டுச் சேமித்துவிட்டேன். உங்கள் இருவருக்கும் பொதுவான கணக்கு அது. உடனே நீக்கினேன். ஆனால் 'புதிய குறிச்சொல்: காயம்' என்ற அறிவிப்பு அதற்குள் அவர் மெயிலுக்குப் போய்விட்டது. ஷிஃப்ட் முடியும்வரை அவர் போன் லாக்கரில் இருக்கும். ஐந்தரைக்கு வெளியே எடுப்பார்.

திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். நான் செய்யப்போவது இதுதான்:

1. படங்களைத் தேதியோடு நகலெடுத்து வைப்பேன். நீ சொல்லாமல் யாருக்கும் காட்ட மாட்டேன்.
2. நான்கு மணிக்குப் பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொள்வேன்.
3. நாலரைக்கு உன் ஆபீஸ் வாசலில் வண்டியோடு நிற்பேன். "நான் வரலைடா, நீ போ" என்று நீ சொன்னாலும் நகர மாட்டேன்.

உன் தம்பி