அக்கா ஓட்டுப் போட வந்த நாள்

ஏப்ரல் 24

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

இன்று வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் ஓட்டு அட்டைகளைக் கொடுத்தார்களாம். அப்பா மூன்று கொண்டுவந்தார். அவருக்கு, அம்மாவுக்கு, மூன்றாவது சுதர்ஷினி அக்காவுக்கு. வேறு சாதி என்று அப்பா மறுத்த விஜிதரன் அண்ணாவோடு அக்கா கினிகத்தேனைக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. இன்று அப்பாவே சொன்னார்.

"சுதர்ஷினி பேரு இன்னும் இங்கதான் இருக்கு. ஓட்டுப் போடணும்னா இந்தத் தோட்டத்துக்குத்தான் வரணும்."

சிரித்தார்.

ஏப்ரல் 27

வருவாள். எனக்குத் தெரியும். பதினெட்டு ஆனதும் வாக்காளர் இடாப்பில் அவள் பெயர் விடுபட்டிருந்தது. கிராம சேவகர் காரியாலயத்துக்கு மழையில் நடையாய் நடந்து சேர்த்தாள். "ஏண்டி இப்புடி அலையிற" என்று அம்மா கேட்டதற்கு, "நம்ம தாத்தாவுக்கு நாடும் இல்ல, ஓட்டும் இல்ல. எனக்கு இருக்கு, விடுவேனா?" என்றாள்.

இதுதான் அவளுடைய முதல் ஓட்டு.

மே 2

அப்பா அம்மாவின் போனை என் கையில் திணித்தார். "கோவம் போயிருச்சு, ஓட்டுப் போட வா, சோறு ஆக்கி வைக்கிறோம்னு சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்னு மூச்சு விட்ட..."

சொன்னேன்.

"நெசமாவா பிரியா? அப்பாவா சொன்னாரு?" — அழுதுகொண்டே சிரித்தாள்.

நெசந்தான்க்கா என்றேன். அப்பாவின் கை என் கழுத்துக்குப் பின்னால் இருந்தது.

மே 3

வராதேக்கா என்று ஒரு சொல். ஏன் வாய் வரவில்லை?

மே 6

எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. அதன் வாசலுக்கு எதிரே, கீழ் லயன் வீடுகளின் தண்ணீர்க் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அக்கா தனியாக வந்தாள், நீலச் சுடிதாரில். என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டு உள்ளே போனாள். போட்டுவிட்டு, சுண்டுவிரல் மையை எனக்குக் காட்டியபடியே வெளியே வந்தாள்.

அப்போதுதான் கேட்டருகே அப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா வீட்டு ஆட்களும் நின்றார்கள். ஒருவர் கையிலும் சோறு இல்லை.

திரும்பி உள்ளே ஓடினாள். வாசல் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் தொடவில்லை. அங்கே தொட முடியாது, பொலிஸ் இருந்தது. நாலு மணிவரை அப்படியே. நானும் அசையவில்லை.

நாலு மணிக்கு ஓட்டு எண்ணக் கதவைச் சாத்தினார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் யாரும் இருக்கக் கூடாதாம். அக்கா பொலிஸ்காரரிடம் கைகூப்பி என்னவோ சொன்னாள். அவர் அப்பாவைக் காட்டிச் சிங்களத்தில் சொன்னது எனக்குக் கேட்டது: "உன் அப்பாதானே? பயப்படாமப் போ."

தலைமயிரைப் பிடித்துத்தான் கூட்டிவந்தார்கள்.

மே 7

அக்கா உள் காம்பரா அறையில். வெளியே பூட்டு. சாவி அம்மாவின் இடுப்பில். ராகலையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களாம், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறார்கள்.

சன்னல் வழியாகச் சோறு நீட்டினேன். வாங்கவில்லை. மை விரலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "வேற யாரு கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டேன்டி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு முகத்தைக்கூடக் காட்டவில்லை.

மே 9

பள்ளிக்கூடத்தில் என் தோழி ஷாமிலாவின் போனில் விஜிதரன் அண்ணாவுக்குப் பேசினேன். அக்காவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் பைத்தியம் பிடித்தவர்போல் தேடிக்கொண்டிருந்தாராம். "நாளைக்கு ராத்திரி பொலிசோட வர்றேன். கதவ மட்டும் தொறந்து விடு தங்கச்சி."

அக்காவிடம் சன்னலோரம் சொன்னேன். முதுகைத் திருப்பிக்கொண்டாள். என்னை இனி எதற்கு நம்புவாள்?

மே 10

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். எழுந்து வந்தாள். கொப்பியை மறைக்கக்கூட எனக்கு நேரமில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இந்தப் பக்கத்தின் மேல் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்குகிறது.

பூட்டைத் திறந்துவிட்டேன். அக்கா என்னைத் தாண்டி வந்து முன்கதவோரம் நிற்கிறாள். இன்னமும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலே போய்விடுவாளோ? மை அழியவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா தட்டமாட்டார், உதைத்துத்தான் திறப்பார். "தங்கச்சி" என்று விஜிதரன் அண்ணாவின் குரல்.