தெரிந்த கச்சேரி

கல்பாக்கம்
ஆடி மாதம், ஞாயிறு காலை, 2007

அன்புள்ள அத்தானுக்கு,

சியாமளா எழுதுவது. இங்கே நானும் கடலும் சுகம். அங்கே நீங்களும் ராஜஸ்தான் வெயிலும் ஒருவருக்கொருவர் பழகிக்கொண்டீர்களா?

கையில் போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். உங்கள் ஊர் லைன் சரியில்லை. நீங்கள் பேசுவது தலையணைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வருகிறது. போன வாரம் ஏதோ கேட்டீர்கள், நான் "ஆமாம், சாப்பிட்டாச்சு" என்றேன். நீங்கள் உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். என்ன கேட்டீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடிதத்தில் அந்த வம்பு கிடையாது.

ஸ்பீக்கர் விஷயத்துக்கு வருகிறேன். சுனாமித் தண்ணீர் நம் பழைய ஸ்பீக்கர்களைக் கொண்டுபோனதிலிருந்து வீடு ஊமையாகத்தான் கிடக்கிறது. தீபாவளி லீவுக்கு வருவதற்குள் ஒரு ஜோடி வாங்கி வை என்று அந்த ஊர் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனீர்கள். அதுவும் ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்தான் வேண்டும், கடையில் விற்கும் மற்றதெல்லாம் பாட்டின் மேல் சர்க்கரை தூவும், இதுதான் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

நேற்று ஜெனிஃபரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு போனேன். நம் பக்கத்து வீட்டு ஜெனிஃபர்தான், சர்ச் கொயரில் பாடுகிறவள், படாளத்துக்காரி. உங்களுக்கு அவள் அனுப்பிய மீன் ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவின்குமார் என்று ஒரு பையன் கடை வைத்திருக்கிறான். கல்யாணங்களுக்கு மைக் செட் போடுகிறவன், சின்ன ஸ்டுடியோக்களுக்கு ஸ்பீக்கரும் விற்கிறான். போனிலேயே முன்கூட்டிச் சொல்லியிருந்தான்: "மேடம், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டா எடுத்துனு வாங்க. தெரிஞ்ச பாட்டப் போட்டாத்தான் எது சரக்கு, எது டப்பான்னு புரியும்." நீங்களும் இதையேதான் சொன்னீர்கள். எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. நம் கம்யூனிட்டி ஹால் வீணைக் கச்சேரி, நீங்களே கேசட்டில் பிடித்துப் பிறகு சி.டி.யாக மாற்றினீர்களே, அதை எடுத்துப் போனேன். அலமாரி உச்சியில் இருந்ததால் தண்ணீருக்குத் தப்பியது அது ஒன்றுதானே.

மூன்று ஜோடியில் போட்டுக் காட்டினான். கேளுங்கள் அத்தான், மூன்றும் ஒன்றுதான்! சஹானா ஆலாபனை நடுவில் கூட்டத்திலிருந்து அந்தக் குழந்தை இருமுகிறது, ஜன்னலில் காக்கை உட்காருகிறது, பின்னால் தம்புரா ரீங்காரம். எல்லாவற்றிலும் எல்லாம் இருக்கிறது. விலை குறைந்ததற்கும் கூடியதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இத்தனை வருஷம் எத்தனை பத்திரிகை படித்து எத்தனை பேருடன் சண்டை போட்டீர்கள்! ஜெனிஃபர் மட்டும் முதல் ஜோடியில் உஸ்ஸென்று ஒரு இரைச்சல் வருகிறது என்றாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவளைச் சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் தெரிந்தது, விலை ஒரு ஸ்பீக்கருக்காம். ஜோடிக்கு அல்லவாம். மற்ற ஸ்பீக்கரெல்லாம் ஜோடியாகத்தானே விற்பார்கள், இதை மட்டும் ஒற்றை ஒற்றையாக விற்பார்களாம். அதனால் எதையும் வாங்காமல் பஸ் ஏறிவிட்டோம். முட்டுக்காட்டில் யாரோ ஸ்டுடியோக்காரர் பழைய ஜோடிகளைக் கொடுக்கிறாராம், அங்கே போய்ப் பாருங்கள் என்று பிரவின்குமாரே விலாசம் தந்தான்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது வெயில் சாய்ந்து மலை மஞ்சளாக இருந்தது. ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டேன். சஹானா அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வருகிறோமா ஹாலில் உட்கார்ந்திருக்கிறோமா என்றே தெரியவில்லை. நீங்கள் பக்கத்தில் தொடையில் தாளம் போடுவதுகூடத் தெரிந்தது.

நம் முருங்கை மரத்துக்குத் தேன்சிட்டு வருகிறது. இந்த வருஷம் பேசாமல் வந்து பேசாமல் தேன் குடித்துவிட்டுப் போகிறது. அதற்கும் என்மேல் என்ன கோபமோ.

நிறையத் தண்ணீர் குடியுங்கள். மெஸ் சாப்பாட்டில் எண்ணெய் மிதந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள்
சியாமளா


கல்பாக்கம்
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்

அன்புள்ள அத்தானுக்கு,

சியாமளா வணக்கத்துடன். உங்கள் கடிதம் வந்தது. முதல் ஜோடியில் இரைச்சல் இருந்தால் அது டப்பாதான், ஜெனிஃபர் காது சுத்தமான காது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான்.

நேற்று முட்டுக்காடு போனோம். ஸ்டுடியோ ராஜேந்திரன் என்பவருடையது. கோடம்பாக்கத்துக்கு மாறிப் போகிறாராம், அதனால் இரண்டு ஜோடியைக் கொடுத்துவிடப் போகிறார். போட் ஹவுஸுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடி. உள்ளே போனால் சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தியதும் கடல் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. கடல் சத்தம் இல்லாத இடத்தில் நான் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று! தூக்கத்துக்குள் இறங்கியதுபோல் இருந்தது.

நம் சி.டி.யைப் பிரவின்குமார் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு ஒரே சங்கடம். ராஜேந்திரன், "பரவால்ல மேடம், நேத்துதான் ஒரு பொண்ணு புல்லாங்குழல் வாசிச்சிட்டுப் போச்சு. இன்னும் வெளிய ஒருத்தரும் கேக்கல" என்று அதைப் போட்டார்.

மழை நாளில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ வாசிப்பதுபோல் இருந்தது, அத்தான். ராகம் தெரிகிறது, ஆனந்தபைரவி. ஆனால் மூச்சு இல்லை, ஓரம் இல்லை, பளபளப்பு இல்லை. உப்புக் காற்று உங்கள் ஸ்பீக்கரைத் தின்றுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. அடுத்த ஜோடியை மாட்டினார். அதுவும் அப்படித்தான். இரண்டும் கெட்டுவிட்டது என்றேன். ஜெனிஃபர் என் கையைப் பிடித்தாள். "அக்கா, அந்தப் பொண்ணு மூச்சு வாங்குறதுகூடக் கேக்குதுக்கா" என்றாள்.

சந்தேகம் தீர்க்கலாம் என்று ராஜேந்திரன் ஒரு சோதனைச் சத்தம் போட்டார். கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு விசில். ஏறியது, ஏறியது, நின்றது. அவ்வளவுதானா என்று கேட்கத் திரும்பினால் ஜெனிஃபர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருக்கிறாள். ராஜேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். "இன்னும் போய்க்கினு கீது மேடம்" என்றார். நான் மட்டும் அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை என்னவென்றால் அமைதி நன்றாக இருந்தது. வெளியே வந்த பிறகுதான் பயம் வந்தது.

வெளியே காயல் தகதகவென்று கிடந்தது. படகுகள் போகின்றன, மீன் துள்ளுகிறது. ஜெனிஃபர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் அழுதாள். நான் அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த கச்சேரியைக் கொண்டுபோனதுதான் தப்பு. அந்தச் சஹானாவை நான் காதால் கேட்கவே இல்லை, அத்தான். வீணை லேசாகத் தொட்டுக் கொடுத்தால் போதும், மீதியை மனசே வாசித்துவிடுகிறது. குழந்தையின் இருமல், தம்புரா, எல்லாம் என்னிடமே இருக்கிறது. அதனால்தான் மூன்று ஜோடியும் ஒன்றாக இருந்தது. தெரியாததை வாசித்தபோது எனக்கு வாசித்துக் கொடுக்க உள்ளே ஆளில்லை.

எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. இப்படி எழுதிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, எழுதிவிட்டேன். உங்கள் ஊர் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகளும் ஒழுங்காகத்தான் பேசுகிறார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவர்களை எத்தனை முறை திட்டியிருப்பேன்! இனிமேல் வேறு பழமொழி பார்க்க வேண்டும்.

இதைப் படித்ததும் போன் செய்யாதீர்கள். நான் மறுபடியும் சாப்பிட்டாச்சு என்பேன். எழுதுங்கள்.

உங்கள்
சியாமளா


கல்பாக்கம்
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் சியாமளா கோபத்துடன் எழுதுவது.

முதலில் டாக்டர் விஷயம். செங்கல்பட்டில் டாக்டர் ஷபானாவைப் பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். நிறைய நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். நரம்பு சம்பந்தப்பட்டதாம். இரண்டு காதிலும் மேல் சத்தங்கள் குறைந்துவிட்டன, போனது திரும்பாது, இருப்பது மெதுவாகக் குறையலாம், குறையாமலும் நிற்கலாம் என்றார். காதுக்கு மிஷின் தருகிறார். பேச்சுக்கு நன்றாக உதவுமாம், வீணைக்கு எப்படி என்று பழகித்தான் பார்க்க வேண்டுமாம். கனமான சத்தங்கள் அவ்வளவு சீக்கிரம் போகாது என்றார். அப்படியென்றால் கடல் எனக்கு இருக்கும். மிருதங்கத்தின் இடது பக்கம் இருக்கும். உங்கள் குறட்டையும் இருக்கும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். "ஸ்பீக்கரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், விட்டுவிடு. உனக்கு இல்லாத பாட்டு எனக்கு எதற்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, அது டாக்டர் சொன்னதைவிட எனக்கு வலித்தது. எனக்குப் பாதி போனதற்கு உங்களுக்கு முழுசும் போக வேண்டுமா? ஊமை வீட்டில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துப் பாவப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அந்தத் தியாகத்தை ராஜஸ்தானிலேயே மணலில் புதைத்துவிட்டு வாருங்கள்.

என் பயம் என்ன என்று சொல்லட்டுமா? கேட்காமல் போவது இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாம் உட்கார்ந்து கேட்போம், ராகத்தில் ஏதோ ஒரு பிடி வரும், நீங்கள் ஆஹா என்று என் பக்கம் திரும்புவீர்கள். நான் அந்த ஆஹாவுக்கு முன்பே திரும்பியிருப்பேன். நம் கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதி எனக்கு அதுதான். இனிமேல் நீங்கள் திரும்பும்போது நான் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பேனே என்றுதான் பயந்தேன். அந்தப் பயத்தில் சில நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பிறகு ஒரு மதியம் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். ஜன்னலுக்கு வெளியே தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. அலகு திறக்கிறது, தொண்டை துடிக்கிறது, வால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுகிறது. சத்தமே இல்லை. ஆனால் அது என்ன வேகத்தில், எவ்வளவு சந்தோஷமாகக் கத்துகிறது என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஜெனிஃபர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

இருவரும் முட்டுக்காடு போனோம். ராஜேந்திரனிடம் அந்தப் புல்லாங்குழலையே போடச் சொன்னேன். ஸ்பீக்கருக்கு எதிரே ஜெனிஃபரை உட்காரவைத்தேன். நான் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, அவளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அவளைப் பார்த்து உட்கார்ந்தேன். முதல் ஜோடிக்குக் கல்யாணப் பந்தியில் சாம்பார் நன்றாக இருக்கிறது என்பாளே, அப்படித் தலையாட்டினாள். இரண்டாவது ஜோடி சிறியது, விலையும் குறைவு. அதை மாட்டியதும் நெற்றி தளர்ந்தது. உதடு லேசாகப் பிரிந்தது. மடியில் ஒரு விரல் அவளுக்குத் தெரியாமலே அசைந்தது. ஓரிடத்தில் மூச்சை நிறுத்தினாள், கண் தளும்பியது. அங்கே அந்தப் பெண் ஏதோ செய்திருக்கிறாள், அத்தான்! என்ன பிடி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது வந்த இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் உடம்பும் சிலிர்த்தது.

இதையே கட்டிக் கொடுங்கள் என்றேன். ராஜேந்திரன் திகைத்துப்போய், "இன்னா மேடம், நீங்க கேக்கவே இல்லியே?" என்றார். கேட்டாச்சு என்றேன்.

ஸ்பீக்கர்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. உப்புக் காற்றுக்கு என் மெல்லிய பழைய வாயில் புடவையைக் கிழித்து இரண்டுக்கும் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் முன்பு எழுதியபடியே சுவரிலிருந்து தள்ளி, காது உயரத்துக்கு ஏற்றி, இரண்டும் உங்கள் தலையும் முக்கோணமாக வரும்படி நாற்காலியைப் போட்டிருக்கிறேன். அளந்து பார்த்ததில் அந்த முக்கோணத்தில் ஒரு தலைக்குத்தான் இடம் இருக்கிறது. அதில் நீங்கள் உட்காருங்கள். என் நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், உங்களைப் பார்த்துப் போட்டுவிட்டேன். நாம் இருவரும் கேட்டிராத புதுக் கச்சேரியாக ஒன்று வாங்கி வாருங்கள். தெரிந்தது வேண்டாம்.

தீபாவளிக்கு வரும்போது பிரயாணத்தில் கண்டதைத் தின்ன வேண்டாம். கம்பளியைப் பெட்டியில் மேலாக வையுங்கள். கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அங்கே தாடி வளர்த்திருப்பதாகவும், பார்க்க நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வரும்போது எனக்காக அதை எடுத்துவிட்டு வாருங்கள்.

உங்கள்
சியாமளா