கட்டிலின் கால்மாட்டில்

தை, செவ்வாய்க்கிழமை இரவு. குண்டூர் நாடு.

கடைசி பஸ்ஸில் மலையேறி வந்துவிட்டேன். மாட்டைக் கவனிக்க வேறு ஆள் இல்லை. இன்று அந்த மாட்டின் மேல்கூடக் கோபமாக வருகிறது. வீட்டுக்காரர் நிமோனியாவோடு நாமக்கல் ஆஸ்பத்திரியில், தொண்டையில் குழாயுடன், மெஷின் விடும் மூச்சில் கிடக்கிறார்.

இதுவரை மருந்து கொடுத்து முழுத் தூக்கத்திலேயே வைத்திருந்தார்கள். இன்று காலை புதிதாக வந்த டாக்டரம்மா அதைக் குறைக்கச் சொன்னார். "லேசா முழிப்புல இருந்தா மெஷின சீக்கிரம் எடுத்துரலாங்க."

குறைத்ததும் அவர் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். கால் எதையோ துழாவியது. மெஷின் அலறியது. "முரண்டு பண்றாருங்க, பழையபடி தூங்க வெச்சுரலாம்" என்று நர்ஸ் கையைக் கட்டத் துணி எடுத்தாள்.

எனக்கு அந்தக் கால் தெரியும். மிளகு பறிக்க மரத்தில் ஏணி சாத்தி ஏறினால், கீழே நான் ஏணியைப் பிடித்துக் குரல் கொடுக்காமல் அவர் ஒரு படிகூட இறங்கமாட்டார். கால்மாட்டுக்குப் போய்க் கட்டிலைப் பிடித்தேன்.

"புடிச்சிருக்கேனுங்க. எறங்குங்க."

கால் நின்றது. கை தளர்ந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ராத்திரியும் இப்படியே கொறைச்சு வெச்சிருக்கலாங்க" என்றார் டாக்டரம்மா. சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதுதான் உறைத்தது. ராத்திரி நர்ஸிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. முதல் பஸ் விடிந்த பிறகுதான். அதுவரை அவர் ஏணியிலேயே நின்றுகொண்டிருப்பார்.